திரும்பி வந்தவன்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் பேசும்படி எனக்கு அளிக்கப்பட்ட பொருள் 'வரலாற்றுக் காதற்கதை' என்பதாகும். அவ்வாறு சொன்னவுடன் எங்களிற் பலருக்கு நினைவுக்கு வருபவை அரண்மனைகள், சுரங்க வழிகள், மாறுவேடத்தில் திரியும் இளவரசர்கள், நள்ளிரவில் ஓடம் செலுத்தும் பெண்கள் முதலானவையே. நானும் அவற்றைப் படித்து வளர்ந்தவன்தான். மின்சாரமில்லாத அந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து பாகங்களில் எந்தப் பாகம் கையில் அகப்பட்டதோ அந்தப் பாகத்திலிருந்து படிக்கத் தொடங்கியவன். ஆகவே அவ்வகை நாவல்களைக் குறைகூறும் நோக்கம் எனக்கில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அக்கதைகளில் போர் என்பது பெரும்பாலும் வீரர்களுக்கு உரியது. படை போன பாதையோரத்துக் கிராமத்தில் அடுத்த ஆண்டு யார் உழுதார், யார் வீட்டில் விளக்கேற்றினார் என்று கதாசிரியர் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்டது அரசகுமாரன் எவனும் இல்லாத ஒரு வரலாற்றுக் காதற்கதை. போர் ஒன்று ஓய்ந்த காலம், ஒரு கிராமம், கணவன் போய்ப் பல ஆண்டுகளான ஒரு பெண், ஒருநாள் வாசலில் வந்து நிற்கும் ஒருவன். இவ்வளவுதான் கதை. வந்து நிற்பவன் அவளுடைய கணவனா, இல்லையா?

1993இல் வெளிவந்த 'சோமர்ஸ்பி' என்ற அமெரிக்கத் திரைப்படத்தை நேயர்களிற் சிலர் பார்த்திருக்கக் கூடும். றிச்சர்ட் கியரும் ஜோடி பொஸ்ரரும் நடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் ரென்னஸி மாநிலத்து ஊர் ஒன்றுக்கு ஜக் சோமர்ஸ்பி என்பவன் திரும்பி வருகிறான். போகும்போது முரடனாகவும் மனைவியை மதியாதவனாகவும் இருந்தவன், வரும்போது அன்புள்ளவனாக, புத்தகம் வாசிப்பவனாக வருகிறான். மனைவி லோறலுக்கு ஐயம். ஊரிலுள்ள சப்பாத்துத் தைப்பவருக்கும் ஐயம். ஏனென்றால் போன காலை விட வந்த கால் சிறிதாக இருக்கிறது!

படத்தைப் பார்த்த எனது நண்பர் ஒருவர், "அமெரிக்கர்களுக்கு என்ன கற்பனை பாருங்கோ" என்று வியந்தார். அது அமெரிக்கரின் கற்பனையுமன்று, கற்பனையுமன்று. அந்தக் கால் அளவு உட்பட, கதையின் வேர் பிரான்ஸ் தேசத்து நீதிமன்றப் பதிவொன்றில் இருக்கிறது. அதனைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிரான்சின் தெற்கே, பிரெனீஸ் மலையடிவாரப் பிரதேசத்தில், ஆர்திகா என்றொரு கிராமம் உள்ளது. தானியம் விளையும், திராட்சை விளையும், செம்மறி ஆடுகள் மேயும். 1527இல் கடற்கரை ஊராகிய ஆந்தேயிலிருந்து பாஸ்க் இனத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் அங்கு குடிபெயர்ந்தனர். புதிய ஊரின் பேச்சைக் கற்றனர். 'தாகேர்' என்றிருந்த குடும்பப் பெயரைக்கூட ஊர் வழக்குக்கு ஏற்றவாறு 'கேர்' என மாற்றிக்கொண்டனர். ஓடு சுடும் தொழில் தொடங்கி நிலமும் சேர்த்தனர். மூத்தவருடைய மகன் மார்ட்டின். 1538 அளவில் அவனுக்கு அவ்வூர் வசதிபடைத்த குடும்பமாகிய றோல்ஸ் குடும்பத்துப் பேர்த்ரான்ட் மணம் முடித்து வைக்கப்பட்டாள். மாப்பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. பெண் அதனிலும் சிறியவள்.

எட்டு ஆண்டுகள் அவர்களுக்குப் பிள்ளையில்லை. செய்வினை என்று ஊர் பேசியது. பெண்வீட்டார் மணத்தை முறித்துவிடுமாறு வற்புறுத்தினர். பேர்த்ரான்ட் மறுத்துவிட்டாள். இதை நேயர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பெண் இளம் வயதிலேயே மறுக்கத் தெரிந்தவள். பின்பு தேவாலயத்தில் பூசைகள் செய்வித்து, செய்வினை கழிந்ததென்று கருதப்பட்டு, சான்க்சி என்ற ஆண்குழந்தை பிறந்தது.

1548இல் மார்ட்டின் தன் தகப்பனுடைய தானியத்தில் சிறிது களவாக எடுத்துவிட்டான். பாஸ்க் மக்களிடையே, அதுவும் வீட்டுக்குள்ளே, களவு என்பது பொறுக்கமுடியாத குற்றம். தகப்பனின் முகத்தில் விழிக்க அஞ்சி மார்ட்டின் ஊரைவிட்டே போய்விட்டான். மனைவி, கைக்குழந்தை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவன் ஒரு செய்திகூட அனுப்பவில்லை. மலையைக் கடந்து ஸ்பெயினுக்குச் சென்று, பூர்கோஸ் நகரில் ஒரு கர்தினாலின் வீட்டில் ஏவலாளனாகி, பின்பு ஸ்பானியப் படையோடு வடக்கே போனான். 1557 ஆகஸ்ட் 10ஆம் திகதி சென் கன்ரென் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படைக்கும் ஸ்பானியப் படைக்கும் நடந்த பெரும் போரில், தான் பிறந்த நாட்டுக்கு எதிரான அணியில் நின்று, காலில் குண்டுபட்டு விழுந்தான். கால் வெட்டி அகற்றப்பட்டது. இவை எவையும் ஆர்திகாவில் யாருக்கும் தெரியாது.

பேர்த்ரான்ட் அப்போது மனைவியுமல்லள், விதவையுமல்லள். திருச்சபைச் சட்டம் தெளிவானது. எத்தனை ஆண்டுகள் சென்றாலும், கணவன் இறந்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லாமல் மறுமணம் இல்லை. மாமனார் இறந்தார். சொத்து மார்ட்டினுக்கு உரியது. ஆனால் மார்ட்டின் இல்லை. சிறிய மாமனாராகிய பியேர் நிர்வாகத்தைக் கையேற்றார். பேர்த்ரான்டின் விதவைத் தாயை அவரே மணந்துகொண்டதால், அவள் சொந்தத் தாயின் வீட்டிலேயே அண்டி வாழ்பவளானாள். வயது இருபதுகளின் தொடக்கம்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லாமற் போகமுடியாது. எங்கள் ஊரில் எனக்கு அக்கா முறையான ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் 1996இல் வெளியே போனவர் திரும்பவில்லை. பல ஆண்டுகளின் பின் ஏதோ ஒரு உதவிக்கான படிவத்தை நிரப்பித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். 'விவாக நிலை' என்ற இடத்துக்கு வந்ததும் என் பேனை நின்றுவிட்டது. திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை என்று மூன்று கூடுகள். அவர் என்னைப் பார்க்காமல், "அதை வெறுமையாய் விடுங்கோ தம்பி" என்றார். வெறுமையாக விட்ட படிவம் திரும்பி வந்துவிட்டது. இலங்கையில் 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணப்படாமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி பிறந்தது. அந்த அக்காவின் நினைவு இல்லாமல் என்னால் ஆர்திகாவைப் பற்றிப் பேச இயலாது. ஆனால் கதை ஆர்திகாவினுடையது, அங்கேயே திரும்புவோம்.

1556ஆம் ஆண்டளவில் ஒருவன் வருகிறான். நேராக ஊருக்குள் வரவில்லை. அருகிலுள்ள ஊரொன்றின் விடுதியில் தங்கி, தன் பெயர் மார்ட்டின் கேர் என்று சொல்கிறான். செய்தி பறக்கிறது. சகோதரிகள் ஓடுகிறார்கள், கட்டியழுகிறார்கள். பேர்த்ரான்ட் முதலில் தயங்கிப் பின்வாங்குகிறாள். அவன் பழைய நாட்களின் அந்தரங்கங்களைச் சொல்கிறான். புறப்பட்ட அன்று பெட்டிக்குள் விட்டுப்போன வெள்ளைக் காலுறைகளை எடுத்துவரச் சொல்கிறான். அவை பெட்டியில் இருக்கின்றன. அவள் அவனை ஏற்றுக்கொள்கிறாள்.

அவன் உண்மையில் ஆர்னோ து தில் என்பவன். கஸ்கனிப் பிரதேசத்துச் சாஜா என்னும் ஊரவன். நாவன்மையும் வியக்கத்தக்க நினைவாற்றலும் உள்ளவன். ஊரில் நற்பெயர் இல்லாதவன். பிரெஞ்சு மன்னனின் படையில் இருந்து திரும்பும் வழியில், மார்ட்டினை அறிந்த இருவர் தன்னை மார்ட்டின் என மயங்கியதைக் கண்டு, அந்த மயக்கத்தையே முதலாக வைத்து விசாரித்து விசாரித்துச் சேகரித்துக்கொண்டு வந்தவன். முகத்தோற்றம் ஒத்திருந்தது, உயரமும் உடற்கட்டும் ஒத்திருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் படையில் அலைந்தவன் மாறாமலா இருப்பான் என்று ஊர் சமாதானம் கூறிக்கொண்டது.

மூன்று ஆண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள். நல்ல வாழ்க்கை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இரண்டு பெண்குழந்தைகள் பிறந்து ஒன்று இறந்தது. பேர்னார்ட் என்ற மகள் தப்பினாள். நிலத்தை வாங்கினான், விற்றான், குத்தகைக்கு விட்டான். ஆந்தேயில் இருந்த பரம்பரைக் காணியில் கைவைக்க முனைந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. அத்தோடு நில்லாமல், தான் இல்லாத காலத்தில் வந்த வருமானத்துக்குக் கணக்குக் காட்டும்படி சிறியதகப்பன் பியேரிடம் கேட்டான். மறுக்கவே வழக்கும் வைத்தான். அந்தக் குடும்பம் அவனுடைய உயரத்தையும் பருமனையும் மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தது. கணக்குக் கேட்டதைப் பொறுக்கவில்லை.

பியேருக்கு இப்போது எல்லாம் நினைவு வந்தது. பாஸ்க் மொழி இவனுக்குச் சில சொற்கள் தவிர ஏன் வரவில்லை? மகன் சான்க்சியின் சாயல் ஏன் இவனிடம் இல்லை? அவ்வழியாகப் போன படைவீரன் ஒருவன் வேறு, உண்மையான மார்ட்டின் சென் கன்ரெனில் காலை இழந்தவன் என்று சொல்லிவிட்டுப் போனான். பியேரும் மருமக்களும் ஆயுதங்களுடன் வந்து அவனைப் பிடித்து றியூ நகர நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். வழக்குப் பேர்த்ரான்டின் பெயரில். அவள் சம்மதியாவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்துவதாக மிரட்டிப் பெறப்பட்ட சம்மதம் அது. அதே பேர்த்ரான்ட்தான் சிறையிலிருந்தவனுக்கு உடுப்பும் பணமும் அனுப்பினாள்.

விசாரணை 1560இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பிரான்சும் ஸ்பெயினும் உடன்படிக்கை செய்துகொண்டு நெடுங்காலப் போரை முடித்திருந்தன. ஏறத்தாழ 150 பேர் சாட்சி சொன்னார்கள். நாற்பத்தைந்து பேரளவில் இவன் ஆர்னோ என்றார்கள், அல்லது மார்ட்டின் அல்லன் என்றார்கள். முப்பது நாற்பது பேர் இவன் மார்ட்டினேதான் என்றார்கள். அவர்களுள் மார்ட்டினின் நான்கு சகோதரிகளும் அடங்குவர். சப்பாத்துத் தைப்பவர் வந்து, மார்ட்டினின் கால் பன்னிரண்டு அளவு, இவனுடையது ஒன்பது என்றார். மீதி, அறுபதுக்கு மேற்பட்டோர், இவன் இன்னான் என்று எங்களால் அடையாளம் சொல்லமுடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஒரு காரியம் செய்தான். நான் மார்ட்டின் அல்லன் என்று என் மனைவி சத்தியம் செய்தால் எந்த மரணத்தையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றான். பேர்த்ரான்ட் சத்தியம் செய்யவில்லை. வாய் திறவாமல் நின்றாள். வழக்காளி அவள் என்பதை நேயர்கள் மறந்துவிடக்கூடாது!

றியூவில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவன் துலூஸ் நகர மேல்நீதிமன்றத்துக்கு முறையிட்டான். அங்கே வழக்கை ஆராய்ந்தவர் ஜான் து கொராஸ் என்ற புகழ்பெற்ற சட்ட அறிஞர். பியேர் பொருளாசையால் செய்த சதி இது என்ற முடிவுக்கு நீதிபதிகள் ஏறக்குறைய வந்துவிட்டார்கள். ஐயம் உள்ள இடத்தில் குற்றவாளியைத் தண்டியாது விடுவதே மேல் என்பது அவர்கள் கொள்கை. தீர்ப்பை எழுதவேண்டியதுதான் பாக்கி.

அந்நேரத்தில் மரக்காலை ஊன்றிக்கொண்டு ஒருவன் நீதிமன்றத்துக்கு வந்து, நான்தான் மார்ட்டின் கேர் என்றான்.

நாடகாசிரியன் ஒருவன் இவ்விடத்தில் இப்படி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் நாங்கள் சிரிப்போம். என் மாணவன் இப்படிக் கதை எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவேன். ஆனால் அது நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்தியே அனுப்பாதவன் அந்தக் கிழமையில் ஏன் வந்தான் என்பதற்கு நிச்சயமான விடை கிடையாது. இன்னும் வியப்பு என்னவென்றால், பழைய அந்தரங்கங்களைக் கேட்டபோது, வந்தவனை விடப் பொய்யனுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆனால் சகோதரிகள் மரக்காலனைக் கண்டதும் கட்டிக்கொண்டார்கள். பேர்த்ரான்ட் நடுங்கினாள். அழுது மன்னிப்புக் கேட்டாள். மற்றெல்லோரையும் அணைத்துக்கொண்ட மார்ட்டின் அவளை மட்டும் அணைக்கவில்லை. சகோதரிகளையும் சிறியதகப்பனையும் சாட்டாகச் சொல்லாதே, ஒருவனை அவன் மனைவியை விட யார் நன்றாக அறிவார் என்ற பொருளில் கடுமையாகப் பேசினான். நீதிபதிகள் அவனுக்கும் உரைத்தார்கள், நீ விட்டுப்போனதால் வந்த வினை இது என்று. அவன் முகம் இளகவில்லை.

1560 செப்ரெம்பர் 12ஆம் திகதி தீர்ப்பு. நான்கு நாட்களின் பின் ஆர்திகாவில், மார்ட்டின் கேரின் வீட்டு வாசலுக்கு முன்னாலேயே, ஆர்னோ தூக்கிலிடப்பட்டான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பேர்த்ரான்டிடம் கடுமை காட்டவேண்டாம் என்று மார்ட்டினைக் கேட்டுக்கொண்டே இறந்தான். பேர்த்ரான்ட் ஏமாற்றப்பட்டவள் என நீதிமன்றம் கொண்டது. ஆகையால் குழந்தை பேர்னார்ட் முறையாகப் பிறந்தவளே என்றும், ஆர்னோவின் சொந்த ஊர்ச் சொத்து அவளுக்கே உரியது என்றும் தீர்த்தது. அக்காலத்து நீதிமன்றத்திடமிருந்து நான் எதிர்பார்த்திராத கருணை இது.

கொராஸ் மறு ஆண்டே, 1561இல், வழக்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது பலமுறை அச்சேறியது. அறிஞர் மொன்தேன் அதைக் குறித்துத் தமது கட்டுரையொன்றில் எழுதுகையில், இவ்வளவு மயக்கமான விடயத்தில் ஒருவனைத் தூக்கிலிடத் துணிந்ததே மிகை என்ற கருத்தைத் தெரிவித்தார். சீர்திருத்தச் சமயத்தைச் சார்ந்திருந்த கொராஸே 1572இல் துலூஸ் நகரில் மதக் கலவரத்தில் கொல்லப்பட்டார்.

இனி நாங்கள் இலக்கியத்துக்கு வரலாம். வழக்கின் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. பேர்த்ரான்டுக்குத் தெரியுமா? கொராஸ் தெரியாது என்று எழுதினார். பெண் பேதை, ஏமாறக்கூடியவள் என்ற அக்காலக் கருத்து அவருக்குத் துணைநின்றது. நாவலாசிரியருக்கும் வரலாற்றாசிரியருக்கும் அந்த வெற்றிடம்தான் வேலைசெய்யும் களம்.

அமெரிக்கக் கவிஞர் ஜனற் லூயிஸ் 1941இல் 'மார்ட்டின் கேரின் மனைவி' என்ற குறுநாவலை வெளியிட்டார். பழைய வழக்குகளைத் தொகுத்த ஆங்கில நூலொன்றில் இக்கதையைக் கண்டு எழுதியவர் அவர். அவருடைய பேர்த்ரான்ட் மெல்ல மெல்ல ஐயுறுகிறாள். வந்தவன் நல்லவன், கணவனை விட நல்லவன். அதுவே அவளுக்கு ஐயத்தைத் தருகிறது. வீட்டார் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்க, தான் மட்டும் பாவத்தில் இருப்பதாகத் தவித்து, உண்மைக்காகத் தானே வழக்கை முன்னெடுக்கிறாள். இறுதியில் இருவரையும் இழக்கிறாள். சிக்கனமான, குளிர்ந்த நடை. குடியானவர் வீட்டுச் சமையலறையும் அடுப்பும் மழையும் அதில் இருக்கும், மிகைச்சொல் இராது. நான் முதன்முதலில் படித்தது இதனைத்தான். உண்மைக்காகத் தன் மகிழ்ச்சியைத் துறந்த கற்பரசி என்று மாணவர்களுக்கு இப்பாத்திரத்தைச் சொல்லியுமிருக்கிறேன். சிலப்பதிகாரம் படிப்பிக்கும் வாய்க்கு அது எளிதாக வந்துவிட்டது.

பின்னர் நத்தலி சேமன் டேவிஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியரின் நூலைப் படித்தேன். 1982இல் டானியல் விஞ் இயக்கிய பிரெஞ்சுத் திரைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். படத்தில் விடுபட்டவை பல உள்ளன என்ற எண்ணத்தில் 1983இல் 'மார்ட்டின் கேரின் மீள்வருகை' என்ற நூலை எழுதினார். அவருடைய முடிவு வேறு. பேர்த்ரான்டுக்குத் தெரியும். முதல்நாளே தெரியாவிட்டாலும் விரைவிலேயே தெரியும். இருவரும் வாய்ச்சொல்லாலோ சொல்லாமலோ ஓர் உடன்பாட்டுக்கு வந்து, தங்களுக்கென்று ஒரு திருமணத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். உடுப்பு அனுப்பியதும், சத்தியம் செய்யாமல் நின்றதும், கூண்டில் நின்றவன் சொன்ன அந்தரங்கங்கள் அவளுடைய வாக்குமூலத்தோடு பிசகாமல் பொருந்தியதும் அவர் காட்டும் சான்றுகள்.

இதற்கு மறுப்பு எழாமல் இல்லை. றொபேட் பின்லே என்ற வரலாற்றாசிரியர் 1988இல் எழுதிய கட்டுரையில், பதிவில் இல்லாததை டேவிஸ் அவள் மனத்தில் ஏற்றிச் சொல்கிறார், இருபதாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியைப் பதினாறாம் நூற்றாண்டில் நடக்கவிடுகிறார் என்று வாதிட்டார். டேவிஸ் அதே ஆய்விதழில் விரிவாகப் பதில் எழுதினார். இருவர் வாதத்தையும் படித்தால் வரலாறு என்பது எத்தனை இடங்களில் ஊகத்தால் ஒட்டுப்போட்ட துணி என்பது விளங்கும். பின்லேயின் எச்சரிக்கை ஆய்வுமுறைக்கு நல்லது. ஆயினும் நான் டேவிஸின் பக்கம் சாய்கிறேன். அவள் அந்தச் சத்தியத்தைச் செய்யவில்லை. ஏமாற்றப்பட்டவளாக இருந்தால், செய்வதற்கு அதைவிட நல்ல தருணம் எது? மறுத்த இடங்களை எண்ணிப் பார்த்தால், எட்டு ஆண்டு மணமுறிவை மறுத்தவளும் சத்தியத்தை மறுத்தவளும் ஒரே பெண்தான் என்பது புலப்படும். நான் மாணவர்களுக்குச் சொன்ன கற்பரசிக் கதையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

போர்முனையிலிருந்து தலைவன் வருவதை எதிர்நோக்கும் தலைவி எங்கள் இலக்கியத்துக்குப் புதியவள் அல்லள். முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான். முல்லைப்பாட்டில் வயது முதிர்ந்த பெண்கள் நற்சொல் கேட்கப் போகிறார்கள். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு இடையர்குலப் பெண் ஆறுதல் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. பாட்டு முடிவதற்குள் அரசன் படையோடு வந்துவிடுகிறான். முல்லையின் தலைவன் வந்தேவிடுவான். வராதவனுக்கு அத்திணையில் இடமில்லை. கிரேக்கரின் பெனலோப்பியும் காத்திருந்தவள்தான். இருபது ஆண்டுகளின் பின் வந்தவனைக் கட்டிலைப் பற்றிய இரகசியம் கேட்டுச் சோதித்தாள். சரியாகச் சொன்னவன் கணவனாகவே இருந்தான். ஆர்திகாவிலோ, வெள்ளைக் காலுறை இரகசியத்தைச் சரியாகச் சொன்னவன் கணவனாக இல்லை.

மீண்டும் 'சோமர்ஸ்பி'க்கு வருவோம். கதையை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய கிராமத்துக்கு மாற்றியது நல்ல யோசனை என்றே சொல்வேன். அப்போரில் இறந்தோர் 6 இலட்சத்துக்கு மேல் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. படைவீரருக்கு அடையாளத் தகடு வழங்கும் வழக்கம் அன்று இல்லை. பெரும் சமருக்கு முன் சிலர் தம் பெயரைக் காகிதத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டு போனார்களாம். பெயரில்லாப் புதைகுழிகள் நாடெங்கும் நிறைந்தன. கிளாரா பார்ட்டன் என்ற தாதி வொஷிங்ரனில் காணாமற்போன வீரரைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். அவருக்கு 63,000க்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஏறத்தாழ 22,000 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மீதிக் கடிதங்களை எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவன் இன்னொருவனாக வந்து நிற்பது ஆர்திகாவில் நடந்ததை விட எளிது.

படத்தில் வந்தவன் என்ன செய்கிறான்? வரண்ட நிலத்தைப் பங்கிட்டு ஊரவருக்கும், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்கும் விற்பதாக வாக்களிக்கிறான். அவர்கள் தம்மிடமுள்ள சிறு நகைநட்டையும் பொருட்களையும் சேர்த்துக் கொடுக்க, புகையிலை விதை வாங்கி வருகிறான். தோட்டம் செழிக்கிறது. புகையிலைக் கன்று நடுவதும் புழு பிடுங்குவதும் யாழ்ப்பாணத்தவர் கண்களுக்குப் பழகிய காட்சிகள். அந்தப் பகுதியை நான் வேறு எவரையும் விட இரசித்திருப்பேன். பின்னர் ஜக் சோமர்ஸ்பி முன்னொருகால் செய்த கொலைக்காக அவன் கைதாகிறான். நான் சோமர்ஸ்பி அல்லன் என்று ஒரு சொல் சொன்னால் உயிர் தப்பலாம். ஆனால் அவன் சோமர்ஸ்பி அல்லன் என்றால், அவன் கையொப்பமிட்ட காணி உறுதிகள் எல்லாம் செல்லாதவையாகிவிடும். லோறல் நீதிமன்றத்தில் எழுந்து இவன் என் கணவன் அல்லன் என்று கதறுகிறாள், அவனைக் காப்பாற்றுவதற்காக. பேர்த்ரான்ட் வாய்மூடி நின்று காக்க முயன்றதை இவள் வாய்திறந்து செய்கிறாள். அவன் அவளையே மறுதலித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான்.

அழகான திருப்பம்தான். கண்ணீரும் வரும். ஆனால் ஆர்னோ நிலத்தை விற்கப்போய் அகப்பட்டவன். ஹொலிவூட்டார் அதே நிலத்தைக் கொண்டே அவனைத் தியாகியாக்கிவிட்டார்கள். காணி விடயத்திலும் படம் வரலாற்றை விட இனிப்பானது. விடுதலை பெற்ற அடிமைகளிற் சிலருக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கும்படி தளபதி ஷேர்மன் 1865 ஜனவரியில் கட்டளையிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அக்காணிகளைப் பழைய உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அவர் ரென்னஸிக்காரர். பெரும்பாலோர் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் உழுது, கடனிலேயே காலம் கழித்தார்கள். முகமூடியணிந்து இரவில் வந்து தாக்குவோரைப் படம் காட்டுகிறது, அது உண்மை. கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் தோன்றியதே ரென்னஸியில் உள்ள புலாஸ்கி என்னும் ஊரில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் அந்தப் போலி சோமர்ஸ்பியின் பழைய தொழில் பள்ளிக்கூட ஆசிரியர் தொழில். பள்ளிக்கூடப் பணத்தோடு ஓடியவன்! எங்கள் தொழிலுக்கு ஹொலிவூட் செய்த இந்த மரியாதையை ஆசிரியத் தோழர்கள் பொறுத்தருள்வார்களாக.

மூன்று வடிவங்களிலும் எனக்கு ஆர்திகாதான் பெரிது. லூயிஸின் நாவலைத் தமிழில் யாராவது நல்லபடி தரவேண்டும். எங்கள் வாசகர்களுக்கு அதிற் பல பக்கங்கள் அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கும்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பொன்றில் முல்லைத் திணை படிப்பித்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக இந்த வழக்கை முழுமையாகச் சொன்னேன். பேர்த்ரான்டுக்குத் தெரியுமா தெரியாதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தமிட்டது. ஆண்பிள்ளைகளிற் பலர் தெரியாது என்றார்கள். பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, வழக்கமாக வாய் திறவாதவள், கையை உயர்த்தினாள்.

"சேர், அடையாளம் தெரியாது எண்டு சொன்ன அந்த அறுபது பேர்... அவையளுக்கு உண்மையாகவே தெரியாதோ? இல்லாட்டி, அந்த அம்மாவுக்காகத் தெரியாது எண்டு சொன்னவையோ?"

பேர்த்ரான்டைப் பற்றியே இத்தனை ஆண்டுகள் யோசித்த நான் அந்த அறுபது பேரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. விடை தேடிக்கொண்டு நிற்கையில் மணி அடித்துவிட்டது. அவள் கேள்வியை என் பாடக்குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.